பலத்தை வைத்து பாடப்பிரிவு தேர்வது: டெஸ்ட் ரிசல்ட்டை எப்படிப் படிப்பது?

#1 தாழ்வாரம்

வணக்கம். பள்ளி இறுதியாண்டு மாணவி ஒருத்திக்காகக் கேட்கிறேன். அமெரிக்க அரசின் தொழில் தகவல் தளமான ஓ-நெட்டில் இருக்கும் 60 கேள்வி ஆர்வத் தேர்வை எழுதியிருக்கிறாள். வந்த மதிப்பெண்: ஆய்வு 29, சமூகம் 28, கலை 27, செய்முறை (கைவேலை) 15, ஒழுங்கு (பதிவேடு, கணக்கு வேலை) 12, முனைப்பு 8. வி.ஐ.ஏ. குணநலத் தேர்வில் அறியும் ஆவல், கனிவு, நேர்மை, கற்கும் விருப்பம், நியாய உணர்வு ஆகிய ஐந்தும் மேலே நிற்கின்றன.

யோசனையில் இருப்பவை உளவியல், உயிரித்தொழில்நுட்பம், இதழியல். கணக்கு, மொழி இரண்டிலும் நல்ல மார்க். "ஆய்வும் சமூகமும் முதல் ரெண்டு, அப்போ உளவியல்தான்" என்று வீட்டில் முடிவு கட்டியாகிவிட்டது. எல்லோரும் அவளிடம் மனசுவிட்டுப் பேசுவார்கள் என்பது கூடுதல் சாட்சி. இந்த வழி சரிதானா?

#2 அளவுகோல்

முதலில் எண்கள். அந்தத் தேர்வில் ஒவ்வொரு வகைக்கும் 10 கேள்வி, உச்சம் 40. 29, 28, 27 என்பதில் வரிசையே கிடையாது. அடுத்த வாரம் எழுதினால் 27, 29, 28 என்று வரலாம். மூன்றும் சமம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். "ஆய்வும் சமூகமும் முதல் ரெண்டு" என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

உளவியலாளர் ஜான் ஹாலந்து 1959-இல் முன்வைத்த கோட்பாட்டின் வழிவந்த தேர்வு இது. ஆறு வகைகளும் ஓர் அறுகோணத்தில் செய்முறை, ஆய்வு, கலை, சமூகம், முனைப்பு, ஒழுங்கு என்ற வரிசையில் உட்காரும். பக்கத்துப் பக்கத்து மூலைகள் ஒன்றுக்கொன்று உறவு, எதிரெதிர் மூலைகள் தூரம். இவளுக்கு ஆய்வு, கலை, சமூகம் மூன்றும் அடுத்தடுத்த மூலைகள், ஆகவே முரண் இல்லாத முடிவு. ஆய்வுக்கு நேர் எதிர்மூலை முனைப்பு. அதில் 8.

எனக்கு அந்த 8 தான் முக்கியம். எல்லோரும் மேலே இருப்பதையே பார்ப்பார்கள். ஆனால் மேலே மூன்று சமமாக நிற்கும்போது முடிவெடுக்க உதவுவது அடிமட்டம்தான். முனைப்பு என்றால் ஆளை இணங்கவைப்பது, விற்பது, பேரம் பேசுவது, முன்னால் நின்று நடத்துவது. தனியாக மனநல ஆலோசனை நடத்துபவர் ஆட்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். எந்தப் பத்திரிகையிலும் சேராமல் எழுதும் செய்தியாளர் தன் கட்டுரையை வாரம்தோறும் யாரிடமாவது விற்க வேண்டும். பாடத்திட்டத்தில் இல்லாத இந்த வேலை தொழிலில் இருக்கிறது.

இன்னொன்று, இது ஆர்வத் தேர்வு. "செய்ய விருப்பமா" என்று கேட்கிறது. "செய்ய வருமா" என்று கேட்கவே இல்லை. இதைப் பலப் பட்டியலாக வாசிப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

#3 மழைத்தவளை

அப்ப வி.ஐ.ஏ. பலத்தைத்தானே சொல்லுது? அதை ஏன் விட்டுட்டீங்க?

#4 அளவுகோல்

அது 2004-இல் பீட்டர்சன், செலிக்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் தொகுத்த 24 குணநலன்களின் பட்டியல். கனிவும் நேர்மையும் எந்தத் தொழிலில் வேண்டாம்? பாடப்பிரிவைப் பிரித்துக் காட்டும் வேலைக்கு அது வந்ததல்ல. தவிர, அதன் முடிவை எல்லோரும் தரவரிசையாகத்தான் வாசிக்கிறார்கள். "கனிவு இரண்டாமிடம்" என்றால் அவளுடைய மற்ற குணங்களைவிட மேலே என்று பொருள். மற்றவர்களைவிடக் கனிவானவள் என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

க்ளிஃப்டன் என்ற பலத் தேர்விலும் இதே சிக்கல். 177 இணைக் கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி, முடிவில் 34 தலைப்புகளின் வரிசை. இரண்டில் ஒன்றை எடுக்கச் சொல்லிக் கட்டும் வரிசை ஓர் ஆளுக்குள்ளே மட்டும்தான் பேசும். ஆளுக்கு நான்கு எழுத்துப் பெயர் வைக்கும் எம்.பி.டி.ஐ. ஆளுமைத் தேர்வு இன்னொரு மாதிரி: நடுவில் கோடு கிழித்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரித்துவிடும். கோட்டை ஒட்டி நிற்பவர் அடுத்த மாதம் எழுதினால் எழுத்தே மாறிவிடும்.

"ஆனா அப்படியே என்னைச் சொல்லுதே" என்பவர்களுக்கு ஒரு தகவல். 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு வைத்தார். அவரவருக்கான முடிவு என்று சொல்லி எல்லோர் கையிலும் ஒரே தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26. பொருந்துவது போலத் தோன்றுவது சாட்சி ஆகாது.

#5 படிக்கட்டு

டெஸ்ட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதன் இடம் எது என்று தெரிந்தால் போதும். தொழில் வழிகாட்டலின் முன்னோடி ஃபிராங்க் பார்சன்ஸின் 1909-இல் வெளியான நூலிலேயே மூன்று வேலைகள் உண்டு: தன்னை அறிவது, தொழிலை அறிவது, இரண்டையும் பொருத்திப் பார்ப்பது. டெஸ்ட் என்பது முதல் வேலையில் பாதி. மீதிப் பாதிக்குச் சம்பவங்கள் வேண்டும்.

செய்முறை இது. கடந்த இரண்டு வருடங்களில் அவள் செய்த 12 முதல் 15 வேலைகளை எழுதச் சொல்லுங்கள். பள்ளிக்குள் பாதி, வெளியே பாதி. தோற்றவையும் குறைந்தது நான்கு இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம்:

1. கையால், வாயால், மூளையால் செய்தது என்ன? வினைச்சொல்லில். "பொறுப்பாக இருந்தேன்" என்று எழுதினால் அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும்.
2. எதன் மேல் செய்தாள்? எண், சொல், ஆள், பொருள், படம், விதி.
3. எந்தச் சூழலில்? தனியாகவா கூட்டமாகவா, கெடு இருந்ததா, யாராவது மேலே நின்றார்களா.
4. யாரும் சொல்லாமல் மறுபடி செய்தாளா?

நான்காவது கட்டம்தான் சல்லடை. நன்றாகச் செய்தும் திரும்பத் தொடாத வேலைகள் நிறைய இருக்கும். அவை திறமைதான், ஆனால் நாற்பது வருடம் இழுத்துச் செல்லும் சரக்கு அதில் இருக்காது.

பிறகு ஐந்து பேரிடம் கேட்க வேண்டும். "என் பலம் என்ன" என்று கேட்டால் பொறுப்பு, அமைதி, புத்திசாலி என்று பெயரடைகள்தான் வரும். அவை ஒன்றுக்கும் உதவாது. "நான் ஏதாவது நல்லா செஞ்சதா உங்களுக்கு ஞாபகம் இருக்கிற ரெண்டு சம்பவம் சொல்லுங்க" என்று கேட்கச் சொல்லுங்கள். ஐவரில் ஒருவர் அவளோடு வேலை செய்து சண்டை போட்டவராக இருந்தால் உத்தமம்.

#6 மழைத்தவளை

எனக்கு அடிப்படையிலேயே ஒப்புதல் இல்ல. 17 வயசுல பலம்னு தெரியறது எல்லாம் பள்ளிக்கூடம் காட்டின ஏழெட்டு பாடத்துக்குள்ளதான். நிலவியல், மொழியியல், தொழிற்சாலை வடிவமைப்பு, காப்பீட்டுக் கணிதம் இதெல்லாம் கண்ணுலயே பட்டிருக்காது. படாத விஷயத்துல பலம் இருக்குன்னு எப்படித் தெரியும்?

அதோட "எனக்கு மொழி சுமார்"னு ஒரு பிள்ளை சொன்னா அதை நம்பக்கூடாது. ஹெர்பர்ட் மார்ஷ்ங்கற கல்வி உளவியலாளர் 1986-லயே இதை விளக்கியிருக்கார். நாம ஒரு பாடத்தை ரெண்டு தராசுல நிறுக்கறோம். ஒண்ணு பக்கத்துல உக்காந்திருக்கறவனோட, இன்னொண்ணு நம்மளோட இன்னொரு பாடத்தோட. கணக்குல 95 வாங்கற பிள்ளைக்கு மொழியில 85 வந்தா வகுப்பிலேயே மேல இருந்தாலும் "மொழி வராது"ன்னு மனசுல பதிஞ்சிரும். வகுப்பே கெட்டிக்கார வகுப்பா இருந்தா இன்னும் மோசம். அதே பிள்ளை வேற பள்ளியில இருந்தா "எனக்கு எல்லாம் வரும்"னு சொல்லியிருக்கும்.

பலம்ங்கற பேச்சு இன்னொரு விதத்துலயும் ஆபத்து. "நான் கணக்கு டைப் இல்ல"ன்னு சொல்லித் தப்பிக்க அது நல்ல சாக்கு. கணக்கை விட்டா பின்னாடி எத்தனை கதவு சாத்துதுன்னு அப்பத் தெரியாது.

#7 படிக்கட்டு

தவளையார் சொல்வதில் முக்கால்வாசி சரி. அதனால்தான் பாடத்தின் பெயரைக் கேட்காமல் வினைச்சொல்லைக் கேட்கிறேன். நிலவியலைப் பார்க்காத பிள்ளைக்கும் "சிதறிக் கிடப்பதை வகைப்படுத்தினாள்" என்ற வினை இருக்கும்.

கணக்கைப் பற்றிச் சொன்னது நூறு சதம் சரி.

#8 கரும்பலகை

கல்லூரிப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மாணவர்கள் பாடப்பிரிவின் பெயரைப் பார்த்துச் சேர்கிறார்கள். உள்ளே வேறு ஒன்று நடக்கிறது.

"நல்லா பேசுவான், சட்டம் படிக்கட்டும்." சட்டப்படிப்பில் பேச்சைவிட வாசிப்பும் வரைவு எழுதுவதும் பலமடங்கு. "நல்லா வரைவா, கட்டடக்கலை." அங்கே வரைந்ததை ஆசிரியர் எல்லோர் முன்னாலும் கிழித்துப் பேசுவார், அன்றிரவே மாற்றி வரைய வேண்டும். ஓவியத்தைவிடத் தோல் தடிப்புதான் அதிகம் வேண்டும். "எல்லாரும் மனசுவிட்டுப் பேசுவாங்க, உளவியல்." இளங்கலையில் யாரும் வந்து மனசுவிட்டுப் பேசப்போவதில்லை. புள்ளியியல், ஆய்வுமுறை, சோதனை அறிக்கை, நினைவாற்றலும் புலனுணர்வும் எப்படி வேலை செய்கின்றன என்பது பற்றிய பாடம். முதல் புள்ளியியல் தாளிலேயே முகம் வாடிப்போகும் பிள்ளைகள் உண்டு.

ஆகவே பாடத்திட்டத்தை இறக்கிக்கொள்ளுங்கள். முதல் செமஸ்டரைப் பார்க்காதீர்கள், அதில் பொதுத் தாள்கள் அதிகம் கலந்திருக்கும். மூன்றாவது முதல் ஐந்தாவது வரை கட்டாயத் தாள்களை மட்டும் எடுங்கள். விருப்பத் தாள்களை ஒதுக்கிவிடுங்கள். ஆசை காட்டுவது அவைதான், ஆனால் பாரம் கட்டாயத் தாளில் இருக்கிறது. ஒவ்வொரு தாளிலும் மதிப்பெண் எதற்குப் போகிறது என்று பாருங்கள்: எழுத்துத் தேர்வு, லேப் ரெக்கார்டு, கட்டுரை, குழு ப்ராஜெக்ட், கணக்குத் தாள், செமினார். பக்கத்தில் வினைச்சொல்லை எழுதிக் கூட்டினால் அந்தப் பிரிவு மாணவனிடம் உண்மையில் எதை வாங்குகிறது என்று தெரிந்துவிடும். ஒரு பிரிவுக்கு ஒன்றரை மணி நேரம் போதும்.

அடுத்தது ஒத்திகை. இரண்டாம் ஆண்டுப் பாடநூலில் ஓர் அத்தியாயம், 20 பக்கம் போல. அதன் கடைசியில் இருக்கும் பயிற்சியில் பாதி. அந்தத் துறைக்காரர் உண்டாக்கும் ஏதாவது ஒன்றின் சின்ன மாதிரி. ஒரு பிரிவுக்கு ஆறு மணி நேரம், மூன்று நாளில் பிரித்து. குறித்துவைக்க வேண்டியது எத்தனை மார்க் என்பதை அல்ல. எங்கே சிக்கினாள், சிக்கியபோது என்ன செய்தாள், மறுநாள் தானாகப் புத்தகத்தை எடுத்தாளா. சிக்காமல் ஓடினால் அந்த ஒத்திகை எளிதாகிவிட்டது, கடினமானதைக் கொடுங்கள்.

#9 தாழ்வாரம்

பத்து நாளாயிற்று. 14 சம்பவம் எழுதியிருக்கிறாள். முக்கியமான மூன்றைப் போடுகிறேன், அவள் எழுதியபடியே.

பள்ளி ஆண்டு மலர்: "வந்த கட்டுரைகளைத் திருத்தினேன். 900 சொல் இருந்ததை 400 ஆக்கினேன். ஒரு கட்டுரையில் வருடம் தப்பாக இருந்ததைக் கண்டுபிடித்தேன். நான் எழுத வேண்டிய கட்டுரையைக் கடைசி நாள்வரை தொடவில்லை, பிறகு தோழி எழுதினாள்."

வகுப்புக் கருத்துக்கணிப்பு: "கேள்விகள் குழப்பமாக இருந்ததால் ஆறு கேள்வியை மாற்றி எழுதினேன். ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்வி இருந்தது. விடைகளை அட்டவணை போட்டேன். வகுப்பு வகுப்பாகப் போய்ப் படிவத்தை வாங்கும் வேலையை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டேன்."

வேதியியல் லேப் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காணும் டைட்ரேஷன்): "டைட்ரேஷனில் முதல் வாசிப்பு சரியாக வந்தது. இரண்டாவதைச் செய்யாமல் முதல் வாசிப்பையே ஒட்டி எழுதினேன்."

#10 அளவுகோல்

மூன்றாவதை எழுதியதற்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு வணக்கம். நேர்மை மேலே வந்தது சும்மா இல்லை போலிருக்கிறது.

#11 கரும்பலகை

அந்த மூன்றாவது சம்பவம்தான் உயிரித்தொழில்நுட்பத்துக்குப் பதில். டைட்ரேஷனில் இரண்டு வாசிப்பும் 0.1 மி.லி.க்குள் ஒத்துவரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வேதியியல் அறிவு அதில் கொஞ்சம்தான். மறுபடி ப்யூரெட் குழாயை நிரப்பி, மறுபடி சொட்டுச் சொட்டாக விடும் மனசுதான் வேலை. உயிரித்தொழில்நுட்ப லேப் என்பது அதையே நாள்கணக்கில் செய்வது. பிப்பெட்டில் எடுத்து, கட்டுப்பாட்டு மாதிரியோடு ஒப்பிட்டு, செல் வளர்ப்பில் பூஞ்சை புகுந்துவிட்டால் முதலிலிருந்து. ஒரே சம்பவத்தை வைத்துத் தீர்ப்பெழுத மாட்டேன். ஆனால் செய்முறை 15 என்பதும் அதே பக்கம்தான் கை காட்டுகிறது. ஒத்திகையில் இதைச் சோதிக்கலாம்: ஒரே அளவீட்டைப் பத்துமுறை எடுத்து வேறுபாட்டைக் குறிக்கச் சொல்லுங்கள். சமையலறைத் தராசும் ஒரு குவளைத் தண்ணீரும் போதும். நான்காவதில் கை ஓய்கிறதா பாருங்கள்.

#12 படிக்கட்டு

மலர் சம்பவத்தைக் கவனியுங்கள். இதழியல் என்ற யோசனை "எனக்கு எழுத வரும்" என்பதிலிருந்து வந்திருக்கும். வினைச்சொல் என்ன சொல்கிறது? வெட்டினாள், சரிபார்த்தாள், கண்டுபிடித்தாள். வெற்றுத்தாளில் எழுத வேண்டியதைத் தொடவே இல்லை. கருத்துக்கணிப்பிலும் அதேதான்: பிறர் எழுதிய கேள்வியில் ஓட்டையைப் பார்த்தாள். ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்வி என்பது கேள்வித்தாள் வடிவமைப்பில் பாடமாகவே சொல்லித்தரும் பிழை. அவள் யாரும் சொல்லாமல் பிடித்திருக்கிறாள்.

இருக்கிற ஒன்றை எடுத்து, பிழை கண்டு, தெளிவாக்குவது அவள் பலம். பொருள், சொல்லும் தரவும். சூழல், தனியாக, அந்நியரிடம் போய் நிற்காமல். "வகுப்பு வகுப்பாகப் போகும் வேலையை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டேன்" என்ற வரியும் முனைப்பு 8-ம் ஒரே ஆளைத்தான் காட்டுகின்றன.

செய்தியாளர் வேலை இதோடு மோதும். முன்பின் தெரியாதவருக்கு ஃபோன் போடுவதும், மாலைக்குள் வெற்றுத்தாளை நிரப்புவதும்தான் அதன் தினசரி. அதே துறையில் உதவி ஆசிரியர், தகவல் சரிபார்ப்பவர் வேலைகள் மோதாது.

#13 மழைத்தவளை

சரி, இப்ப நானே கேக்கறேன். இந்த வினை உளவியல்லயும் உண்டு, புள்ளியியல்லயும் உண்டு, மொழியியல், நூலகத் தகவல் அறிவியல், சட்ட வரைவுலயும் உண்டு. பலம் ஒரு பாடப்பிரிவைக் காட்டலையே?

#14 கோப்பு_மேசை

காட்டாது. ஆளெடுக்கும் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

படிப்பைத் தொழிலோடு கோக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது உரிமம். மருத்துவம், செவிலியம், கட்டடக்கலை, சட்டம், மருத்துவ உளவியல் இவற்றில் குறிப்பிட்ட படிப்பும் உரிமமும் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. பிறகு மாற்றிக்கொள்வது பெருஞ்செலவு. மற்றவற்றில் பாடப்பிரிவின் பெயர் ரெஸ்யூமேயில் ஒரு வரி, கையில் செய்து காட்டும் மூன்று வேலைகள்தான் பேசும். உரிமம் வேண்டும் தொழிலில் ஆசை இருந்தால் அதை முதலிலேயே தீர்க்க வேண்டும். இல்லையென்றால் இத்தனை கவலை தேவையில்லை.

அடுத்து, தொழில் செய்பவரிடம் "உங்க வேலை எப்படி" என்று கேட்காதீர்கள். பெருமையோ புலம்பலோதான் வரும். "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து சாயங்காலம்வரை மணிவாரியா என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். வேலையில் சேர்ந்து இரண்டு வருடமானவர் ஒருவர், பத்துப் பன்னிரண்டு வருடமானவர் ஒருவர், அதைவிட்டு வெளியேறியவர் ஒருவர். மூன்றாமவரைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். தன் பலம் அந்தச் செவ்வாயில் எத்தனை மணி நேரம் பயன்பட்டது என்று எண்ணட்டும். எட்டில் ஒரு மணிதான் என்றால் அந்தத் தொழில் அவள் பலத்தின் பெயரை மட்டும் வைத்திருக்கிறது.

#15 தாழ்வாரம்

உளவியல், புள்ளியியல், மொழியியல் மூன்றுக்கும், எது எவ்வளவு முக்கியம் என்று ஒவ்வொரு அம்சத்துக்கும் எடை வைத்து, மதிப்பெண் அட்டவணை போட்டாள். உளவியல் 78, புள்ளியியல் 75, மொழியியல் 66. உளவியலை எடுக்கலாமா?

#16 அளவுகோல்

78-க்கும் 75-க்கும் வித்தியாசம் இல்லை, #2-இல் சொன்ன அதே கதை. எடைகளை எப்போது போட்டாள்? மதிப்பெண் போட்ட பிறகு எடையைத் தொட்டிருந்தால் விரும்பிய விடைக்குக் கணக்கு போட்டதாகத்தான் ஆகும். எடைகளை முதலில் எழுதி வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, பிரிவுகளைப் பிறகு மதிப்பிட வேண்டும். பத்து சதத்துக்குள் நின்றால் சமநிலை.

சமநிலை வந்தால் நான் பார்ப்பது மாற்றிக்கொள்ளும் வசதியை. புள்ளியியலில் சேர்ந்து உளவியல் பக்கம் போவது எளிது. தேவையான கணிதத் தாள்கள் இல்லாமல் உளவியலிலிருந்து புள்ளியியலுக்குப் போவது கடினம். உளவியலில் சேர்ந்தாலும் கணிதத் தாள்களை விருப்பப் பாடமாக முதல் ஆண்டிலேயே எடுத்துவைத்தால் அந்த வித்தியாசம் பாதியாகக் குறையும். தவளையாரின் கதவுப் பேச்சு இதுதான்.

#17 கரும்பலகை

ஒத்திகை முடிந்ததா? அட்டவணையைவிட எனக்கு அதுதான் வேண்டும்.

#18 தாழ்வாரம்

உளவியல் முடிந்தது. ஆய்வுமுறை அத்தியாயத்தை மறுநாள் தானாக எடுத்தாள். ஒரு பயிற்சியில் கொடுத்திருந்த சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டுப்பாட்டுக் குழுவே இல்லை என்று ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறாள். புள்ளியியல் நாளை தொடங்குகிறது. தண்ணீர் அளவீடு ஆறாவதில் நின்றுபோனது.

#19 புதுவரவு

இழை முழுக்கப் படித்தேன். ஒரு சந்தேகம். எனக்குத் தெரிந்த பையனுக்கு ஆறு வகையும் 11-லிருந்து 14-க்குள் வந்திருக்கிறது. மேலும் இல்லை, கீழும் இல்லை. இவனுக்கு என்ன செய்வது?

#20 அளவுகோல்

எல்லாம் தாழ்வாகவும் தட்டையாகவும் வந்தால் பெரும்பாலும் அவன் அந்த வேலைகளைச் செய்து பார்த்ததில்லை என்று பொருள். "ஆய்வுக்கூடத்தில் மாதிரிகளைப் பரிசோதிப்பது பிடிக்குமா" என்றால் பார்க்காதவன் என்ன சொல்வான்? எல்லாம் 30-க்கு மேல் தட்டையாக வந்தால் கேள்வியைப் படிக்காமல் ஆமாம் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. சோர்வோ மனவாட்டமோ இருந்தாலும் எல்லாம் கீழே போகும், அதை முதலில் கேட்டுவிடுங்கள். இந்த முடிவை வைத்துப் பாடப்பிரிவு பேசாதீர்கள்.

#21 படிக்கட்டு

ஹிடி, ரென்னிங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-இல் ஆர்வம் வளர்வதை நான்கு கட்டமாகப் பிரித்தார்கள். முதல் கட்டம் வெளியிலிருந்து தூண்டப்படுவது, உள்ளிருந்து தானாக வருவது இல்லை. அந்தப் பையனுக்குத் தூண்டுதலே போதவில்லை. ஆறு வகைக்கும் ஒவ்வொரு சின்ன வேலை, வாரத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம்: ஒரு பழைய மின்விசிறியைப் பிரித்து மாட்டுவது, ஒரு கேள்விக்குத் தரவு தேடி விடை காண்பது, இரண்டு நிமிடக் காணொளி எடுப்பது, சின்னப் பையனுக்கு ஒரு பாடம் நடத்துவது, ஏதாவது ஒன்றை ஐந்து பேரிடம் விற்பது, வீட்டின் ஒரு மாதச் செலவைக் கணக்கெழுதுவது. ஏழாவது வாரம் தேர்வை மறுபடி எழுதட்டும். மின்விசிறிக்கு முன் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லுங்கள், கூடவே பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.